பெரிய கல்லூரியை முதலில் போட்டால் உள்ள இடமும் போய்விடுமா?

கேள்வி: ஐயா, என் மகள் இந்த வருடம் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தாள். தமிழ் வழி. கணக்கில் 80, இயற்பியலில் 74, வேதியியலில் 83. எட்டாவது வரை எங்கள் ஊர் பஞ்சாயத்து யூனியன் நடுநிலைப் பள்ளி, ஒன்பதாவதிலிருந்து டவுன் பள்ளி. அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்குக்குப் பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்துவிட்டோம். ரேங்க் இன்னும் வரவில்லை. கடைத் தம்பி, "இந்தக் கட்-ஆஃபுக்கு அண்ணா யுனிவர்சிட்டி, ஜி.சி.டி. எல்லாம் போடாதீங்க, மேலே கை வைச்சா கீழே உள்ளதும் போயிடும், பத்து காலேஜ் மட்டும் நான் போட்டுத் தர்றேன்" என்கிறார். வீட்டுக்காரர் கட்டட மேஸ்திரி. பிளானில் உள்ள அளவை இவள்தான் அவருக்குப் படித்துச் சொல்வாள், சிவில்தான் வேண்டும் என்கிறாள். சொந்தக்காரர்கள் கம்ப்யூட்டர் எடுக்கச் சொல்கிறார்கள். இதற்கிடையில் ஒருவர் வீட்டுக்கே வந்து, ஒரிஜினல் சர்டிபிகேட்டும் பத்தாயிரமும் கொடுத்தால் ஒரு தனியார் கல்லூரியில் சீட் உறுதி என்கிறார். நான் பனியன் கம்பெனியில் டெய்லர். லீவு போட்டால் சம்பளம் போகும். எத்தனை நாள் அலைய வேண்டியிருக்கும்?

— ஒரு தாய், திருப்பூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். கடையில் விண்ணப்பித்தபோது ஒரு பிரின்ட் கொடுத்திருப்பார்கள். அதை எடுத்து, "6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவரா" என்ற இடத்தில் என்ன பதில் இருக்கிறது என்று பாருங்கள். "ஆம்" என்று இருந்தால் நிம்மதி. "இல்லை" என்று இருந்தால் மற்ற வேலையெல்லாம் அப்புறம்.

இதை ஏன் சந்தேகப்படுகிறேன் என்றால், உங்கள் மகள் ஆறு, ஏழு, எட்டு படித்தது பஞ்சாயத்து யூனியன் பள்ளி. அதை "அரசுப் பள்ளி" என்ற கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிற பிரவுசிங் சென்டர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெயர்ப் பலகையில் "அரசு" என்ற சொல் இல்லையே என்பது அவர்கள் நியாயம். சட்டத்தின் நியாயம் வேறு. ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாமே இதற்கு அரசுப் பள்ளிதான். அரசு உதவி பெறும் பள்ளிதான் இதில் வராது. உங்கள் மகள் படித்தது அதுவல்ல.

அந்த ஒரு கட்டத்தில்தான் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. முதலில் மருத்துவப் படிப்புக்கு வந்த இந்த முன்னுரிமையை 2021இல் தனிச் சட்டம் போட்டுப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். ஒரு கல்லூரியில் 200 இடம் என்றால் அதில் 15 அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. அந்தப் பதினைந்துக்குள்ளும் வழக்கமான சாதிவாரிப் பங்கீடு உண்டு. இவர்களுக்குத் தரவரிசையும் தனி. இந்த இடத்தில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. தனியார் கல்லூரியில் இந்த ஒதுக்கீட்டு இடம் கிடைத்தாலும் அப்படித்தான்.

இப்போது கடைத் தம்பி சொன்னதற்கு வருவோம். உங்கள் மகளின் கட்-ஆஃப் கணக்கில் 80, இயற்பியலில் பாதி 37, வேதியியலில் பாதி 41.5. மொத்தம் 200க்கு 158.5. இந்த மதிப்பெண்ணுக்குப் பொதுப் பட்டியலில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிக் கல்லூரியோ, கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியான ஜி.சி.டி.யோ கடினம் என்று அவர் சொல்வது பொய்யல்ல. அவர் பார்த்தது வேறு பத்தி, அவ்வளவுதான். போன வருடப் பட்டியலில் ஓ.சி., பி.சி. என்று தலைப்பிட்ட பத்திகளைப் பார்த்திருப்பார். அரசுப் பள்ளி ஒதுக்கீட்டுக்கான பட்டியல் தனியாக இருக்கிறது. அதில் அதே கல்லூரி, அதே பாடம் எவ்வளவு கீழே இறங்கி முடிந்திருக்கிறது என்று உங்கள் மகளையே செல்போனில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகும் "பத்து காலேஜ் போதும்" என்று அவளே சொல்லமாட்டாள்.

பிரின்டில் "இல்லை" என்று இருந்தால் நாளைக்கே உங்கள் மாவட்டத்தில் உள்ள சேர்க்கை சேவை மையத்துக்கு, அதாவது எல்லோரும் டி.எஃப்.சி. என்று சொல்கிற இடத்துக்குப் போங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கும்போதே திருத்திவிடுவது நல்லது. தரவரிசைப் பட்டியல் வந்தபின்னும் குறைகளைச் சொல்லச் சில நாள் தருவார்கள், ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். போகும்போது இரண்டு தலைமையாசிரியர்களின் சான்றும் கையில் இருக்கவேண்டும்: நடுநிலைப் பள்ளியிலிருந்து ஆறு முதல் எட்டு வரைக்கு, மேல்நிலைப் பள்ளியிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு வரைக்கு. கடைசியாகப் படித்த பள்ளியில் மட்டும் வாங்கிக்கொண்டு வந்து, மையத்தில் நின்று அழுத பிள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, பாஸ்வேர்டு. விண்ணப்பத்தில் கொடுத்திருக்கும் கைபேசி எண் யாருடையது? உங்களுடையதா, கடைக்காரருடையதா? ஒரே கடையில் முப்பது விண்ணப்பம் போடுகிறவர் வேலை சுலபமாக இருக்கட்டும் என்று தன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போட்டுவிடுவது உண்டு. கெட்ட எண்ணம் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுக்கிற விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கும், கிடைத்த இடத்தை உறுதி செய்வதற்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும். அன்றைக்கு அவர் கல்யாணத்துக்குப் போயிருந்தால்? சேவை மையத்துக்குப் போகிற அதே நாளில் எண்ணையும் மாற்றிவிடுங்கள். பாஸ்வேர்டை மாற்றி, மகளின் நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அண்ணன் தம்பிக்குக் கூடக் கொடுக்கவேண்டியதில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. மேலே உள்ள கல்லூரியை முதலில் போட்டால் கீழே உள்ளது போய்விடுமா? போகாது. இந்தப் பயம் கவுன்சலிங் ஆன்லைனுக்கு வந்த 2018லிருந்து ஊர் ஊராகச் சுற்றுகிறது. அதற்கு முன்னால் எல்லோரும் சென்னைக்கு வந்து, அரங்கில் பெரிய திரையில் மிச்சமுள்ள இடங்களைப் பார்த்து, நேருக்கு நேர் எடுத்துக்கொண்டு போனோம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இப்போது கணிப்பொறிக்குள் நடப்பதால் அது ஏதோ தந்திரம் செய்கிறது என்று நினைக்கிறோம்.

ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரேங்க் என்பது வரிசையில் நீங்கள் நிற்கிற இடம். உங்கள் விருப்பப் பட்டியல் என்பது கையில் இருக்கிற சீட்டு. உங்கள் முறை வரும்போது சீட்டில் முதலில் உள்ளதைக் கேட்கிறீர்கள். "அது தீர்ந்துபோச்சும்மா" என்றால் இரண்டாவதைக் கேட்கிறீர்கள். அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. "இல்லாததைக் கேட்டுவிட்டாய், போய்க் கடைசியில் நில்" என்று யாரும் சொல்வதில்லை. சீட்டில் உள்ள அத்தனையையும் கேட்டு முடிக்கும்வரை, உங்களுக்குப் பின்னால் நிற்கிறவருக்கு ஒரு படி அரிசிகூடப் போகாது. கணிப்பொறி செய்வதும் இதையேதான். கிடைக்காத கல்லூரி நூறு உங்கள் பட்டியலில் மேலே இருந்தாலும் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நஷ்டம் எப்போது வரும்? பயந்துகொண்டு சின்னக் கல்லூரியை முதலில் எழுதினால் வரும். உங்கள் முறை வரும்போது ஜி.சி.டி. சிவிலில் ஒரு இடம் காலியாகவே இருக்கலாம். ஆனால் சீட்டில் முதலில் வேறு பெயர் இருக்கிறதே, கணிப்பொறி அதைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடும். அந்த இடம் உங்களுக்குப் பின்னால் நிற்கிற, ஆசைப்பட்டதை எழுதத் துணிந்த பிள்ளைக்குப் போகும்.

இன்னொரு நஷ்டம், பட்டியல் குட்டையாக இருப்பதால் வருவது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மையத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓய்வுபெற்ற பிறகும் ஜூன், ஜூலையில் கால் அங்கேதான் போகிறது. அரசுப் பொறியியல் கல்லூரியில் முப்பது வருடம் கணக்கு நடத்திய பழக்கம். ஒரு தகப்பனாரும் மகனும் வந்தார்கள். பையனுக்கு நல்ல மதிப்பெண், 170க்கு மேல். முதல் சுற்றிலேயே பெயர் வந்தும் எந்த இடமும் ஒதுக்கப்படவில்லை. "கம்ப்யூட்டர் ஏதோ தப்புப் பண்ணிருச்சுங்க சார்" என்றார் தகப்பனார். பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஒன்பதே வரி. ஒன்பதும் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஒன்பதும் மேல்தட்டுக் கல்லூரி. பையன் முறை வருவதற்குள் ஒன்பதும் தீர்ந்திருந்தது. பத்தாவது வரி என்று ஒன்று இல்லை. அவனைவிடப் பன்னிரண்டு மதிப்பெண் குறைந்த பையன், இவன் தன் இரண்டாவது விருப்பம் என்று பிற்பாடு சொன்ன அதே கல்லூரியில், இ.இ.இ. என்கிற எலெக்ட்ரிகல் பாடம் வாங்கியிருந்தான். தகப்பனார் அந்தத் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "எத்தனை வேணும்னாலும் போடலாமுங்களா?" என்று ஒருதரம் கேட்டார். போடலாம். வரம்பே கிடையாது. நூறு போடலாம், இருநூறு போடலாம், காசும் இல்லை.

பட்டியலை எப்படித் தயாரிப்பது என்பதற்கு நான் பிள்ளைகளிடம் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. நீங்கள் டெய்லர், உங்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். ஒரு கல்லூரி, ஒரு பாடம், இரண்டும் சேர்ந்தது ஒரு துண்டுச் சீட்டு. ஜி.சி.டி. சிவில் ஒரு சீட்டு. ஜி.சி.டி. எலெக்ட்ரிகல் வேறு சீட்டு. சேலம் அரசுக் கல்லூரி சிவில் இன்னொன்று. போன வருடம் எங்கே முடிந்தது என்று பார்த்து, இவள் நிலைக்குக் கொஞ்சம் மேலே உள்ளவை, பக்கத்தில் உள்ளவை, நன்றாகக் கீழே உள்ளவை எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதட்டும். அறுபது எழுபது வரும். பிறகு தரையில் பரப்பி, இரண்டிரண்டாக எடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த ரெண்டும் இப்போ கையில கிடைச்சா எதை எடுப்பே?" எடுப்பதை மேலே வையுங்கள். வேறு எதையும் யோசிக்கக் கூடாது. கிடைக்குமா கிடைக்காதா என்பது கணிப்பொறி பார்க்கவேண்டிய வேலை. அதைச் சீட்டு அடுக்கும்போது கலந்தால் பட்டியல் கெட்டுப்போகும்.

போன வருடத்தோடு ஒப்பிடும்போது கட்-ஆஃபைவிட ரேங்கைப் பாருங்கள். கணக்கு வினாத்தாள் எளிதாக வந்த வருடத்தில் நூற்றுக்கு நூறு கூடும், எல்லாக் கட்-ஆஃபும் மேலே ஏறும். 158.5 என்பது ஒரு வருடத்தில் ஒரு ரேங்க், அடுத்த வருடத்தில் வேறு ரேங்க். வரிசையில் எத்தனையாவது ஆளுக்கு அந்த இடம் கிடைத்தது என்பது அவ்வளவு ஆட்டம் காட்டாது. ரேங்க் வரும்போது பொது ரேங்க், சாதிப் பிரிவு ரேங்க், அரசுப் பள்ளி ஒதுக்கீட்டு ரேங்க் என்று பல எண்கள் இருக்கும். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ரேண்டம் நம்பர் என்று பத்து இலக்கத்தில் ஒன்று தருகிறார்களே, அதைப் பற்றி யாராவது பயமுறுத்தினால் விட்டுவிடுங்கள். மதிப்பெண், பிறந்த தேதி எல்லாமே இரண்டு பேருக்கும் ஒன்றாக இருந்தால்தான் அதை எடுப்பார்கள்.

சீட்டு எழுதும்போது பெயரில் ஏமாறாதீர்கள், கல்லூரி எண்ணைப் பாருங்கள். கோவையில் மட்டுமே பெயர் ஒத்துப்போகிற கல்லூரிகள் எத்தனை! பி.எஸ்.ஜி. டெக் வேறு, பி.எஸ்.ஜி. ஐடெக் வேறு. ஜி.சி.டி.யின் எண் 2005, பி.எஸ்.ஜி. டெக் 2006, சி.ஐ.டி. 2007. அரசு உதவி பெறும் கல்லூரிகளில் சில பாடங்களுக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று போட்டிருக்கும். அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல். 7.5 இடத்தில் சேர்கிறவளுக்கு இது பெரிய கவலையில்லை, மற்றவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டும்.

சிவிலா கம்ப்யூட்டரா என்ற சண்டைக்குள் நான் அதிகம் நுழைய விரும்பவில்லை, ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. அப்பாவுக்குப் பிளானில் உள்ள அளவைப் படித்துச் சொல்கிற பெண். நான் கண்ட முதலாண்டு மாணவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் எடுத்த பாடத்தில் என்ன வேலை நடக்கிறது என்றே தெரியாது. இவளுக்குக் கல்லூரிக்குள் போவதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. "சிவில் எடுத்தா வெயில்ல நிக்கணும்" என்பார்கள். நிற்கவேண்டியதுதான். உங்கள் வீட்டுக்காரர் இத்தனை வருடமாக நின்றுகொண்டுதானே இருக்கிறார், இவள் கையில் பிளானோடு நிற்பாள். பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை, குடிநீர் வடிகால் வாரியம் என்று அரசில் உதவிப் பொறியாளர் வேலைக்கு அதிகம் ஆள் எடுப்பது சிவிலுக்குத்தான். சாஃப்ட்வேர்க் கம்பெனிகள் எல்லாப் பாடத்திலிருந்தும் ஆள் எடுக்கின்றன, அந்தக் கதவு சிவிலுக்கு மூடியில்லை. ஆனால் தனியார் கட்டுமானக் கம்பெனிகளில் தொடக்கச் சம்பளம் சாஃப்ட்வேரைவிடக் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதைத் தெரிந்துகொண்டே அவள் கேட்கட்டும்.

கிண்டிப் பொறியியல் கல்லூரியின் சீட்டு எழுதும்போது "சிவில் — தமிழ் வழி" என்று ஒன்று கண்ணில் படும். அச்சுப் பிழை இல்லை. 2010இலிருந்து அங்கே சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியிலும் நடக்கின்றன. நிறையப் பேர் அதைக் கேவலம் போல ஒதுக்குகிறார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீதம் முன்னுரிமை உண்டு. 2020இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, பட்டம் மட்டுமல்ல, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்கவேண்டும் என்று ஆக்கினார்கள். உங்கள் மகள் பள்ளி முழுக்கத் தமிழ் வழி என்றால், உதவிப் பொறியாளர் தேர்வு எழுதும்போது இது சாதாரண விஷயமில்லை. ஆனால் வெளிமாநிலம், தனியார் கம்பெனி என்று மனம் போனால் ஆங்கில வழி வசதி. இதையும் சீட்டில் எழுதி இரண்டிரண்டாகவே கேளுங்கள். கிண்டிக் கல்லூரியே 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

எந்த வழியாக இருந்தாலும் முதல் செமஸ்டர் கணக்கில்தான் கிராமத்துப் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். பாடம் கடினம் என்பதால் அல்ல. ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லிக்கொண்டே போகும்போது கை தூக்கிக் கேட்கக் கூச்சம். ஒரு அரியர் விழுந்ததும் மனம் விழுந்துவிடுகிறது. அதனால் தனியார் கல்லூரிகளின் சீட்டை அடுக்கும்போது கட்டடத்தையும் பேருந்தையும் பார்க்காமல், அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி சதவீதத்தைப் பாருங்கள். நூற்றுக்கு இருபது பேர்கூடத் தேறாத கல்லூரியில் "ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்" என்று பெயர்ப் பலகை பளபளத்து என்ன பயன்? சொந்தக்காரர்கள் சொல்கிற கம்ப்யூட்டரையும் பட்டியலில் சேர்க்கலாம், தப்பில்லை. அவள் அடுக்குகிற இடத்தில் இருக்கட்டும்.

பத்தாயிரம் கேட்டு வந்தவர் விஷயத்தில் சுற்றி வளைக்கமாட்டேன். ஒரிஜினல் சான்றிதழை எவரிடமும் கொடுக்காதீர்கள். சேர்ந்த கல்லூரியேகூட மாணவரின் ஒரிஜினல்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இலேயே சொல்லிவிட்டது, வீட்டுக்கு வந்தவருக்கு என்ன உரிமை? அவர் உறுதி என்று சொல்வது நிர்வாக ஒதுக்கீட்டு இடம். அதே கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கவுன்சலிங்கில் இருக்கும். இப்படி வீடு வீடாக ஆள் தேடுகிற கல்லூரியில் அது கடைசிச் சுற்றுவரை மிஞ்சியும் கிடக்கும். 2017இல் கட்டணக் குழு நிர்ணயித்தபோது கவுன்சலிங் இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், நிர்வாக இடத்துக்கு 85,000 ரூபாய் என்று வைத்தது. 7.5 இடத்தில் உங்கள் மகளுக்கு அந்த ஐம்பதாயிரமும் இல்லை. பிறகு எதற்குப் பத்தாயிரம் முன்பணம்? அந்தக் கல்லூரி அவளுக்குப் பிடித்திருந்தால் அதற்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொள்ளட்டும். "விருப்பப் பட்டியலை நானே போட்டுத் தர்றேன், பாஸ்வேர்டு கொடுங்க" என்று அவர் அடுத்த தடவை வந்து கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஒதுக்கீடு வந்தபிறகு என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் தற்காலிக ஒதுக்கீடு வரும். இரண்டு நாளுக்குள் இணையத்தில் பதில் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் இடம் போய்விடும், இதில் மட்டும் கணிப்பொறிக்கு இரக்கமே கிடையாது. கிடைத்ததே போதும் என்றால் "அக்செப்ட் அண்ட் ஜாயின்". இதை வைத்துக்கொள்கிறேன், மேலே உள்ளது காலியானால் அதைக் கொடுங்கள் என்றால் "அக்செப்ட் அண்ட் அப்வர்ட்". இரண்டாவதைச் சொன்னபின் மேலே உள்ளது கிடைத்துவிட்டால், பழையது தானாகப் போய்விடும், "பழையதே பரவாயில்லை" என்று திரும்ப முடியாது. சீட்டை மனசாட்சிப்படி அடுக்கியிருந்தால் இதில் பயப்பட ஒன்றுமில்லை. சரியென்று சொன்னபிறகு குறித்த நாளுக்குள் கல்லூரிக்கோ சேவை மையத்துக்கோ நேரில் போகவேண்டும். எங்கே, எத்தனை நாளுக்குள் என்பது அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் இருக்கும். உங்கள் மகளின் பெயர் பொதுப் பட்டியலிலும் 7.5 பட்டியலிலும் இருக்கும் என்பதால், வந்த இடம் எந்தப் பட்டியலில் வந்தது என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். கட்டணத்தை அரசு கட்டுவது 7.5 இடத்துக்கு.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவளுக்கு வரும். அதற்கு இப்போது ஓடவேண்டாம், சேர்ந்தபிறகு கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம். அவள் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மட்டும் தயாராக இருக்கட்டும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: 7.5 இல்லாத வீடுகளில், குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியிருக்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றை இ-சேவையில் உடனே விண்ணப்பியுங்கள். அண்ணன் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்திருப்பது பட்டம் ஆகாது. அவர் பி.காம். முடித்திருந்தால் தங்கைக்குக் கிடைக்காது.

லீவு விஷயம். நீங்கள் நேரில் இருக்கவேண்டியது பெரும்பாலும் இரண்டு நாள்தான். ஒன்று, நாளைக்கு, பிரின்டையும் சான்றுகளையும் எடுத்துக்கொண்டு சேவை மையத்துக்கு. காலை ஒன்பதரைக்கே போய்விட்டால் பகல் ஷிஃப்டுக்குத் திரும்பிவிடலாம். இன்னொன்று, இடம் உறுதியாகிக் கல்லூரியில் சேர்க்கிற நாள். நடுவில் உள்ளதெல்லாம் கைபேசியில் உங்கள் மகள் தானே செய்துகொள்வாள், கடைக்குக்கூடப் போகவேண்டியதில்லை. சீட்டு அடுக்குகிற வேலையை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள், மேஸ்திரியும் வீட்டில் இருப்பார்.